மேல் விளிம்பில் மட்டும் பசை

இடது கையில் கத்தரிக்கோல், வலது கட்டைவிரலில் பசை. காலை எட்டரை மணிக்கு சான்டா ரூஃபினா நீதிமன்றத்தின் மூன்றாவது படியில் உட்கார்ந்து, பெர்பெத்துவா அம்மாள் நாட்டின் தொழிலாளர் சட்டத்தைத் திருத்திக்கொண்டிருக்கிறார். நாற்பத்தெட்டாவது பிரிவு, வேலை நேரம் பற்றியது. விரல் அகலச் சீட்டு ஒன்றை அதன்மேல் வைத்து, உதட்டைக் குவித்து ஊதி, கட்டைவிரலால் ஒரு முறை நீவுகிறார். முடிந்தது. நாடாளுமன்றம் இருக்கும் லா பாஸில் இதே வேலைக்கு ஏழு மாதம் பிடித்தது.

"அடுத்தது," என்கிறார், அடுத்த பிரதியை எடுத்து.

அவர் சட்டம் விற்கிறார். கம்பளித் துணி ஒன்றை விரித்து அதன்மேல் அரசியல் சாசனம், குற்றவியல், குடும்பம், போக்குவரத்து, நகராட்சி விதிகள் என்று சின்னச் சின்னப் புத்தகங்களாக அடுக்கியிருக்கிறார். அடுக்கு காற்றில் பறக்காமல் இருக்க மேலே ஆற்றுக் கற்கள். அரசியல் சாசனத்தின்மேல் இருப்பதுதான் பெரிய கல். இருபத்தாறு வருடமாக அதே கல் என்கிறார். அதற்குக் கீழே இருப்பது மட்டும் மாறியிருக்கிறது.

எங்கள் ஊரில் வெங்காயம் வாங்குவதுபோலத்தான் சட்டம் வாங்குவார்கள். கையில் சம்மனோடு உள்ளேயிருந்து வெளியே வருகிறவர் முதலில் பார்ப்பது பெர்பெத்துவா அம்மாளின் வட்டத் தொப்பியை.

"விவாகரத்து இருக்காம்மா?"

"புள்ள இருக்கா?"

"ரெண்டு."

"அப்ப கெட்டிப் புத்தகம் எடுத்துக்க. புள்ள இல்லாதவங்களுக்குத்தான் மெல்லிசு. வீடு யாரு பேருல?"

"மாமியார் பேருல."

"அதுக்குச் சட்டம் இன்னும் வரல. வந்தா சொல்றேன்."

வக்கீல்களும் இவரிடம்தான் வாங்குகிறார்கள். நீதிமன்ற நூலகத்தின் கூரை நான் பள்ளிக்கூடம் போன நாளிலிருந்தே ஒழுகுகிறது. உள்ளே இருக்கும் புத்தகங்களில் பக்கங்கள் அப்பம்போல ஒட்டிக்கொண்டிருக்கும். திங்கட்கிழமை தவறாமல் நீதிபதியின் சேவகர் படியிறங்கி வந்து, "ஐயா கேக்கச் சொன்னாரு, இந்த வாரம் ஏதாச்சும் மாறியிருக்கா?" என்று கேட்பார். பெர்பெத்துவா அம்மாள் விரல் மடக்கிச் சொல்வார். சேவகர் அதை முணுமுணுத்துக்கொண்டே மேலே ஏறுவார். அவர் வழியில் யாரிடமாவது பேச்சுக் கொடுத்துவிட்டால் அன்றைய தீர்ப்புகளின் கதி என்ன என்று நான் யோசித்ததுண்டு.

அட்டையின் நிறத்தை முடிவு செய்பவரும் அவர்தான். சமத்துவம் பேசும் ஆட்சி கொண்டுவந்த சட்டத்துக்குச் செங்கல் சிவப்பு அட்டை. ஒழுங்கு, முதலீடு, முன்னேற்றம் என்று பேசுகிற ஆட்சிக்கு நீலம். சீருடைக்காரர்கள் ஆண்ட நாட்களின் ஆணைகளுக்குப் பச்சை. பச்சையில் அவரிடம் இருப்பது ஏழே ஏழு. எல்லாமே ஒற்றைத் தாள்.

"பச்சைக்காரங்க தாளை வீணாக்க மாட்டாங்க," என்பார். "'கூடாது'ன்னு ஒரு வார்த்தை, கீழ ஒரு கையெழுத்து. அவ்ளோதான். சிவப்புக்காரங்க மொத மூணு பக்கம் நம்மளப் புகழுவாங்க. நாலாம் பக்கத்துல வரிசையில நிக்கச் சொல்லுவாங்க. நீலக்காரங்க புகழெல்லாம் கிடையாது, நேரா அபராதம். ஆனா எழுத்து கொஞ்சம் பெருசா இருக்கும், கண்ணுக்கு நல்லது."

நான் பல்கலைக்கழகத்தில் எழுதிய ஆய்வேட்டின் பெயர் 'அரசியல் கோட்பாடுகளும் அரசின் அதிகாரமும்'. நூற்றிருபது பக்கம். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். சந்தையில் உருளைக்கிழங்கு மூட்டை இறக்கும் என் அப்பா அந்த ஆய்வேட்டைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் நிறுத்தி வைத்திருக்கிறார். அதை ஒருநாள் பெர்பெத்துவா அம்மாளிடம் காட்டினேன். உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தார்.

"நல்ல கனம்," என்றார். "என்ன சொல்லியிருக்கே?"

சொன்னேன். கேட்டுவிட்டு, "அதான, அட்டை நிறம்," என்றார். இரண்டு வருட உழைப்பு அட்டையின் நிறம்தானா என்று அன்று முழுக்க எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. இப்போதும் சில நாள் ஓடுகிறது.

அவருடைய உண்மையான வித்தை சீட்டு. சட்டம் மாறினால் மற்ற வியாபாரிகள் புதிதாக அச்சடிப்பார்கள். சதுக்கத்துப் புத்தகக் கடைக்காரர் ஒவ்வொரு ஆட்சி மாற்றத்துக்கும் பழைய இருப்பை எடைக்குப் போட்டார். நான்காவது மாற்றத்தில் கடையையும் மூடினார். பெர்பெத்துவா அம்மாள் மாறிய பிரிவை மட்டும் தட்டச்சு செய்து, வெட்டி, பழைய பிரிவின்மேல் ஒட்டுகிறார். அதுவும் மேல் விளிம்பில் மட்டும். மற்ற மூன்று பக்கமும் சும்மா கிடக்கும். ஏன் என்று முதல் தடவை கேட்டபோது என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"முழுக்க ஒட்டினா நாளைக்கு எப்படி எடுக்கறது?"

நிலச் சட்டத்தின் ஒன்பதாவது பிரிவைத் தூக்கிக் காட்டினார். ஐந்து சீட்டு. மேலே, நிலம் உடையவனுக்கே. அதைத் தூக்கினால், நிலம் உழுகிறவனுக்கே. அதைத் தூக்கினால், நிலம் தேசத்துக்கே. அதற்குக் கீழே, எல்லைப் பகுதி நிலத்துக்குள் நுழையக் கூடாது. அதையும் தூக்கினால், ஐந்தாவதாக, மறுபடியும் உடையவனுக்கே.

"ஒரு பிரிவு செத்துப்போச்சுன்னு யாரு சொன்னது? தூங்குது. மேல ஒரு போர்வை."

பசையை அவரே காய்ச்சுகிறார், உறைபனியில் போட்டு உலர்த்திய உருளைக்கிழங்கை இடித்த மாவில். காய்ந்த மாதங்களில் அது கல்லாகப் பிடிக்கும். குறை ஒன்றுதான்: சனவரி, பிப்ரவரி மழையில் இளகிவிடும். அப்போது சீட்டுகள் சுருண்டு, பழைய சட்டம் எட்டிப் பார்க்கும். அதனால் மழைக்காலத்தில் வாங்குகிற ஒவ்வொருவரிடமும், ஆள் யாரென்று பார்க்காமல், ஒரே வாக்கியத்தைச் சொல்வார்: "படிக்கிறதுக்கு முன்னாடி தடவிப் பாத்துக்குங்க."

இந்த வருட மழை தொடங்கியபோதுதான் நகராட்சிக்கு அவருடைய படி ஞாபகத்துக்கு வந்தது.

எங்கள் மேயர் நீலக்காரர். நான்கு வருடம் சும்மா இருந்துவிட்டு, பதவியின் கடைசி வருடத்தில், நகராட்சி விதிகளின் பதினான்காவது பிரிவைத் திருத்தினார். நீதிமன்றத்தின் பிரதான வாசலிலிருந்து நூறு மீட்டருக்குள் தரையிலோ படியிலோ துணி விரித்து யாரும் எதையும் விற்கக் கூடாது. இதற்கு முன்பு அதே இடத்தில் இருந்தது சிவப்பு மேயர் காலத்துப் பிரிவு. அது நேர் எதிர். இரண்டையும் எழுதியவர் ஒருவரே: நகராட்சி வக்கீல் டாக்டர் அதெமார் இத்துர்ரி. எங்கள் ஊரில் வக்கீல் எல்லாருமே டாக்டர்தான். எந்த நோய்க்கு என்று யாரும் கேட்பதில்லை. இத்துர்ரியிடம் சிவப்பு டை ஒன்று, நீல டை ஒன்று. தேர்தல் முடிந்த மறுநாள் எது கழுத்தில் இருக்கிறது என்று பார்த்து மக்கள் முடிவைத் தெரிந்துகொள்வார்கள்.

பெர்பெத்துவா அம்மாள் புதிய பிரிவை வழக்கம்போலத் தட்டச்சு செய்தார், வெட்டினார், ஒட்டினார், விற்றார். அந்த மாதம் அதுபோல வேறெதுவும் விற்கவில்லை. தன் இடம் நூறு மீட்டருக்கு உள்ளேயா வெளியேயா என்று பார்க்க ஊரிலிருக்கும் அத்தனை வியாபாரியும் வாங்கினார்கள். பக்கத்தில் சூடாக சல்தேன்யா என்னும் கறி அடைத்த பலகாரம் விற்கும் பான்ஃபிலாவுக்குத்தான் இது பொறுக்கவில்லை.

"ஏன்க்கா, உன்ன வெரட்டற சட்டத்த நீயே கூவி விக்கிறியே, வெக்கமா இல்ல?"

"நீ உன் சல்தேன்யாவுல உப்பு கூடிப்போனா விக்காம வீட்டுக்கா தூக்கிட்டுப் போற? உனக்கும் ஒண்ணு எடுத்து வைக்கவா?"

"எனக்குத்தான் படிக்கத் தெரியாதே."

"தெரியாதவங்களுக்கும் பொருந்தும். பதினாறாவது பிரிவு."

சிரித்தார்கள். ஆனால் அந்தப் படி போனால் என்ன போகும் என்று இருவருக்கும் தெரியும். வளைவுக்குக் கீழே மழை நனைக்காத படி அது ஒன்றுதான். காகிதம் விற்கிறவருக்கு அது சின்ன விஷயமில்லை. அதைவிடப் பெரிய விஷயம் ஒன்றை அன்று மத்தியானம், மரக்கோப்பையில் சூப் குடித்துக்கொண்டே சொன்னார்.

"மூணாவது படியில உக்காந்தா நான் நீதிமன்றம். தெருவுல உக்காந்தா நான் தெரு. தெருவுல நிக்கிறவ சொல்ற சட்டத்த எவன் நம்புவான்?"

நான் சும்மா இருக்கவில்லை. பதினான்கு பக்கத்துக்கு ஒரு மனு எழுதினேன். வாழ்வாதாரம், சமத்துவம், நீண்டகால அனுபவ உரிமை எல்லாம் வந்தது. இரண்டு வெளிநாட்டுத் தீர்ப்புகள்கூட. ஒரு பிரதி நகராட்சிக்குப் போய், 'பார்க்கப்பட்டது' என்ற முத்திரையோடு திரும்பியது. இன்னொன்றை அம்மாளிடம் கொடுத்தேன். புரட்டிப் பார்த்து, ஒரு தாளை விரலிடையில் தேய்த்தார்.

"ஒரு பக்கம்தான் அடிச்சிருக்கே. பின்பக்கம் வெள்ளையா இருக்கு. நல்ல தாளு பொண்ணே."

மறுநாள் பார்த்தால் என் மனுவைச் சீட்டுகளாக வெட்டிக்கொண்டிருக்கிறார். வெள்ளைப் பக்கத்தில் புதிய பதினான்காவது பிரிவு தட்டச்சாகியிருந்தது. என் வாதம் சட்டத்துக்குள் நுழைந்த விதம் அப்படி.

வருத்தத்திலும் கொஞ்சம் ரோஷத்திலும்தான் அதைச் சொன்னேன் என்று நினைக்கிறேன்: "அம்மா, மழைதான் பெய்யுதே. சீட்டெல்லாம் தானா விழுந்துடுச்சுன்னு பழைய பிரிவோட வித்துடுங்களேன். ஊர் முழுக்க பழைய சட்டம்தான் இருக்கும். யார் என்ன பண்ண முடியும்?"

கத்தரிக்கோல் நின்றது.

"செத்ததுன்னோ தூங்குதுன்னோ நான் எது வேணா சொல்லுவேன். ஆனா இன்னிக்கு எது முழிச்சிருக்கோ அதத்தான் மேல ஒட்டுவேன். தூங்கறத முழிச்சிருக்குன்னு விக்கிறதுக்கு இங்க பெரிய பெரிய படிப்புப் படிச்சவங்க இருக்காங்க."

கத்தரிக்கோல் மறுபடி என் மனுவுக்குள் நுழைந்தது.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை, நல்ல மழையில், டாக்டர் இத்துர்ரி வந்தார். நீல டை, பெரிய குடை, ஆறு காவலர்கள், எழுத்தர் செனோபியா. எங்கள் ஊர் நடைமுறை ஒன்று உண்டு. யாரையும் ஓரிடத்திலிருந்து எழுப்புவதற்கு முன்னால், அந்த இடத்திலேயே, அவர்கள் காதில் விழும்படி, பிரிவை உரக்கப் படிக்க வேண்டும். படித்ததை எழுத்தர் வார்த்தைக்கு வார்த்தை பேரேட்டில் எழுத வேண்டும். கேட்டவர்கள் கையொப்பமோ கைநாட்டோ வைக்க வேண்டும். அப்புறம்தான் காவலர் துணியைத் தொடலாம். படித்ததுதான் அறிவிப்பு, அறிவித்ததுதான் ஆணை.

இத்துர்ரி பையைத் துழாவினார். நகராட்சியின் பிரதி மேயரின் அறையில் இருந்தது. மேயர் லா பாஸில் இருந்தார். அறைச் சாவி மேயரிடம் இருந்தது.

"ஒரு பிரதி குடுங்கம்மா," என்றார், கொஞ்சமும் கூச்சமில்லாமல்.

அம்மாள் எடுத்துக் கொடுத்தார். விலையும் சொன்னார். பிறகு, "தடவிப் பாத்துக்குங்க டாக்டரே. மழை," என்றார்.

"எனக்கா சொல்றீங்க? எழுதினதே நான்தான்."

புத்தகத்தைப் படாரென்று விரித்தார். என் மனுவின் வெட்டுத் துண்டு ஒன்று அதிலிருந்து கழன்று, அவருடைய பளபளப்பான காலணிக்குப் பக்கத்தில், நனைந்திருந்த கீழ்ப்படியில் விழுந்தது. யாரும் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். வழக்கறிஞராகப் பதிவு செய்துகொண்டவள் நான். அந்த நொடியில் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. அது நேர்மையா கோழைத்தனமா வேறு ஏதாவதா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

இத்துர்ரி படிக்க ஆரம்பித்தார்.

"பதினான்காவது பிரிவு. காற்றையும் மழையையும் வெயிலையும் தன் தோளில் தாங்கி இந்நகரத்தை வாழவைக்கும் தெருவோர வணிகப் பெண்..."

அவர் அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் மனிதனுக்குத் தான் எழுதியதைப் படிக்கும்போது காது கேட்காது. பத்து வருடத்துக்கு முன்னால், சிவப்பு டை கட்டியிருந்த நாளில், ஆசைப்பட்டு எழுதிய வாக்கியம் அது. நாக்குக்கு வழி தெரிந்திருந்தது. குடையைக் காவலரிடம் கொடுத்தார். வலது கையை உயர்த்தினார்.

"...பத்தாண்டுகள் தான் அமர்ந்திருந்த இடத்துக்கு உரியவள் ஆவாள். எந்த அதிகாரியும், எந்தக் காரணம் கொண்டும், அவளை அங்கிருந்து எழுப்பலாகாது. நகராட்சி அவளுக்கு நிழல் அமைத்துத் தரும்."

குரல் கடைசி வாக்கியத்தில் கொஞ்சம் கம்மியது. பான்ஃபிலா முதலில் கை தட்டினாள். அப்புறம் செருப்புத் தைப்பவர்கள், தேநீர்க்காரி, வழக்குக்காக வரிசையில் நின்றவர்கள். காவலர்களில் ஒருவனும் தட்டினான். அவன் அம்மா பின்வாசலில் காலுறை விற்கிறாள்.

செனோபியா தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தாள். "'நிழல் அமைத்துத் தரும்.' முற்றுப்புள்ளி வைக்கவா டாக்டர், இன்னும் இருக்கா?"

அப்போதுதான் இத்துர்ரியின் முகம் மாறியது. புத்தகத்தைப் பார்த்தார். படியைப் பார்த்தார். மறுபடி புத்தகத்தைப் பார்த்தார்.

"அத அடிச்சிடுங்க."

"அடிக்க முடியாது டாக்டர். கையெழுத்து வாங்கியாச்சு." உண்மைதான். பான்ஃபிலா தன் கட்டைவிரலை அதற்குள் மையில் தோய்த்து, மூன்று இடத்தில் வைத்துவிட்டிருந்தாள்.

"சரி, அந்தப் பக்கத்தக் கிழிங்க."

"பக்கத்துக்கு நம்பர் போட்டிருக்கு. கிழிச்சா எனக்கு ஆறு மாசம். இருபத்திரெண்டாவது பிரிவு. அதுவும் நீங்க எழுதினதுதான்."

இத்துர்ரி பெர்பெத்துவா அம்மாள் பக்கம் திரும்பினார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "வேணும்னே பண்ணீங்களா?"

"தடவிப் பாருங்கன்னு சொன்னேன். எல்லாரும் கேட்டாங்க."

"அது பழைய சட்டம்மா."

"பழசுதான். ஆனா ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. புதுச இவ்ளோ நல்லா படிச்சிருக்க மாட்டீங்க."

மறு அறிவிப்புக்குப் பதினைந்து நாள் இடைவெளி வேண்டும். எழுதியது எழுதியதுதான். அந்தப் பதினைந்து நாளும் சட்டப்படி அந்தப் படிக்கு உரியவர் பெர்பெத்துவா கயிசாயா.

இதற்குள் நடந்த ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. அரசு என்பது ஒரே மூளை உள்ள பிராணி என்று என் ஆய்வேட்டில் ஏறக்குறைய எழுதியிருந்தேன். பேரேட்டின் நகல் ஒன்று வழக்கப்படி நகராட்சிக் கிடங்குக்குப் போனது. கிடங்குக்காரருக்கு அரசியல் தெரியாது, காகிதம் தெரியும். 'நகராட்சி நிழல் அமைத்துத் தரும்' என்று காகிதம் சொன்னது. ஐந்தாம் நாள் காலையில் இரண்டு ஆட்கள் வந்து, இரும்புக் கால் போட்ட பெரிய பந்தல் துணி ஒன்றை மூன்றாவது படியில் நிறுத்தி, கைநாட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். நீலத் துணி. நடுவில் மேயரின் சிரித்த முகம்.

"மேல வளைவு இருக்கு, எனக்கு எதுக்குப்பா?" என்றார் அம்மாள்.

"சட்டம்," என்றார்கள்.

பத்து நாள் மேயரின் முகத்துக்குக் கீழே உட்கார்ந்து, மேயர் தன்னை விரட்டும் சட்டத்தை விற்றார். பான்ஃபிலா ஒவ்வொரு காவலரையும் நிறுத்தி, "எனக்கு எப்பப்பா நிழல் வரும்? நானும்தான கைநாட்டு வச்சேன், மூணு தடவ," என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

பதினாறாம் நாள் இத்துர்ரி பிளாஸ்டிக் உறை போட்ட தாளோடு வந்தார். மேயரின் அறைச் சாவி கிடைத்திருந்தது. இந்த முறை மாத்திரை அட்டையின் பின்பக்கத்தைப் படிப்பதுபோலப் படித்தார். கை உயரவில்லை. யாரும் தட்டவில்லை. செனோபியா எழுதினாள். அவர் இரண்டாவது வாக்கியத்துக்கு வருவதற்குள் பெர்பெத்துவா அம்மாள் எழுந்து, கற்களைப் பொறுக்கி, கம்பளித் துணியின் நான்கு மூலைகளையும் சேர்த்து முடிச்சுப் போட்டு முதுகில் ஏற்றியிருந்தார். ஒரு காவலர் உதவிக்குக் கை நீட்டினார். "வேண்டாம் தம்பி, சட்டத்துல அது இல்ல," என்றார். நான் அரசியல் சாசனத்தின்மேல் இருக்கும் பெரிய கல்லை எடுத்துக்கொண்டேன். நினைத்ததைவிடக் கனம்.

பிரதான வாசலிலிருந்து அளந்தார்கள். நாடா ஐம்பது மீட்டர்தான் இருந்தது, இரண்டு முறை போட்டார்கள். ஆணிக் கடைச் சுவருக்கு முன்னால் சுண்ணாம்புக் கோடு விழுந்தது. கோட்டுக்கு ஒரு சாண் வெளியே முக்காலியைப் போட்டார். பாவாடை ஓரம் கோட்டைத் தொட்டது. குனிந்து, அதையும் இழுத்துவிட்டுக்கொண்டார். பந்தலைத் திருப்பி எடுக்கச் சொல்லி யாரும் எழுதித் தராததால், கிடங்கு ஆட்கள் அதையும் கொண்டுவந்து நிறுத்திவிட்டுப் போனார்கள்.

இப்போது அங்கேதான் இருக்கிறார். திங்கட்கிழமை நீதிபதியின் சேவகர் நூறு மீட்டர் நனைந்து வருகிறார், நனைந்து போகிறார். மறப்பதற்கு வழி இப்போது நீளம். வக்கீல்களும் வருகிறார்கள். ஆனால் சம்மனோடு வெளியே வரும் ஆள் வருவதில்லை. படியிறங்கியதும் தரகர்கள் பிடித்துக்கொள்கிறார்கள். "புத்தகம் எதுக்குத் தாயி, நான் பாத்துக்கறேன்," என்கிறார்கள். அம்மாள் அதை இங்கிருந்து பார்க்கிறார். போன வாரம் ஒரு பெண்ணைப் பார்த்து எழுந்து நின்று கையசைத்தார். அவள் காய் விற்கிறவர் என்று நினைத்து, வேண்டாம் என்று கையசைத்துவிட்டுப் போனாள்.

நேற்று மத்தியானம் நான் அங்கே இருந்தபோது டாக்டர் இத்துர்ரி வந்தார். கையில் அன்றைக்கு வாங்கிய அந்தப் புத்தகம். பதினான்காவது பிரிவில் பழைய வாக்கியங்கள் மட்டும் இருந்தன.

"சீட்டு இல்லாம வச்சிருக்கறது சரியில்ல," என்றார். "ஒண்ணு ஒட்டிக் குடுங்க. இந்தத் தடவ நாலு பக்கமும். ஒரேயடியா."

"நாலு பக்கமுமா?"

"நாலு பக்கமும்."

அம்மாள் பசை இருந்த தகர டப்பாவைத் திறந்தார். என் மனுவிலிருந்து இன்னொரு துண்டை எடுத்தார். மேல் விளிம்பில் தூரிகையை ஓட்டி, சீட்டை வைத்து நீவினார். இடது ஓரத்தைத் தூக்கிப் பசை தடவி அழுத்தினார். வலது ஓரத்துக்கும் அப்படியே. ஒரு இடத்தில்கூடக் கஞ்சத்தனம் இல்லை. தன்னை நூறு மீட்டர் தள்ளிய வாக்கியத்தை அவ்வளவு ஒழுங்காக ஒட்டினார். பிறகு கீழ் விளிம்புக்கு மேலே தூரிகையை நிறுத்தி, இத்துர்ரியை நிமிர்ந்து பார்த்தார்.

இத்துர்ரி அவரைப் பார்க்கவில்லை. எதிர்ச் சுவரில் ஏணி போட்டு ஒருவன் சுவரொட்டி ஒட்டிக்கொண்டிருந்தான். அடுத்த மாதத் தேர்தல். சிவப்பு வேட்பாளரின் முகம் நெற்றி வரை ஏறியிருந்தது. ஏணிக்குக் கீழே நின்றவர்கள் இன்னும் கொஞ்சம் மேலே, இன்னும் கொஞ்சம் மேலே என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அப்படிச் சொல்கிறவர்கள் எத்தனை பேர் என்று இத்துர்ரி எண்ணுவதுபோல இருந்தது.

அவர் கை நீட்டி, புத்தகத்தை மெதுவாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பசை படாத கீழ் விளிம்பை ஒரு தடவை ஊதி, மூடி, பைக்குள் வைத்தார்.

பெர்பெத்துவா அம்மாள் தூரிகையைத் தகரத்தின் விளிம்பில் இரண்டு பக்கமும் வழித்துவிட்டு, மூடியைப் போட்டார்.